ஷார்ட்வேவில் ஹாம் பேச்சு மட்டும் ஏன் குளறலாகக் கேட்கிறது?

ஒலிபரப்பு நிலையங்கள் தெளிவாக எடுக்கின்றன, 7100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போனால் மட்டும் மூக்கடைத்த குளறல், செட் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதே இல்லை. அது ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள், பேசும் 40 மீட்டர் பேண்ட்.

ஏ.எம். ஒலிபரப்பில் ஒலியைச் சுமக்கும் ஊர்தி அலையோடு (carrier), அதன் இருபுறமும் பேச்சைத் தாங்கிய இரண்டு பக்கப்பட்டைகளும் (sidebands) வரும். ஹாம்கள் மின்திறனை மிச்சப்படுத்த ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறார்கள். இதுதான் எஸ்.எஸ்.பி. (சிங்கிள் சைட்பேண்ட், அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை). விடுபட்ட ஊர்தி அலையை உங்கள் ரேடியோவே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். எஸ்.எஸ்.பி. பொத்தான் இல்லாத செட்டில் என்ன திருகினாலும் பேச்சு புரியாது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

பொத்தான் இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை), 14 மெகாஹெர்ட்ஸில் யூ.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) வையுங்கள். ஒரு கிலோஹெர்ட்ஸ் படியில் நெருங்கி, பிறகு ஃபைன் டியூனிங்கை மிக மெதுவாகத் திருப்புங்கள். 100 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தாலே குரல் கீச்சென்றோ கட்டையாகவோ மாறும். சரியான இடம் வந்ததும் மனிதக் குரல் பளிச்சென்று எழும். அந்தக் கணம் அலாதியானது! பேண்ட்விட்த்தை, அதாவது ரேடியோ ஒரே நேரத்தில் உள்வாங்கும் அகலத்தை, 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்தால் பக்கத்து அலைவரிசைத் தொல்லையும் அடங்கும்.

இரைச்சல் அதிகமென்றால் எல்.இ.டி. விளக்குகளையும் போன் சார்ஜரையும் அணைத்துவிட்டு ஜன்னலோரம் கொண்டுபோய்க் கேளுங்கள்.