ஸ்டிக்கருக்குக் கீழே பார்லி

வெள்ளவத்தையைச் சேர்ந்த தாய் ஒருவர் எழுதுகிறார்: ஏழு வயது மகளுக்குச் சீலியாக் நோய்; குளூட்டன் என்ற தானியப் புரதம் அவளுக்கு ஆகாது. புறக்கோட்டைக் கடையொன்றில் வெளிநாட்டு டொபிப் பக்கெட் ஒன்றை எடுத்து, "இதில் கோதுமை மா இருக்கிறதா?" என்று கேட்டாராம். கடைக்காரர் இல்லை என்றார். இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கரிலும் சீனி, குளுக்கோஸ், மாப்பொருள், சுவையூட்டி மட்டுமே இருந்தன. பிள்ளைக்கு மூன்று நாள் வயிற்றோட்டம். பிறகு ஸ்டிக்கரின் ஓரத்தை உரித்துப் பார்த்தால், கீழே அச்சாகியிருந்த பட்டியலில் பார்லி மோல்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு. கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

முதலில் ஒன்று: கடைக்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. கோதுமை பற்றிக் கேட்டீர்கள், கோதுமை இருக்கவில்லை. குளூட்டனோ பார்லியிலும் றை தானியத்திலும் உண்டு. இனிப்புகளில் அது பெரும்பாலும் ஒளிந்திருப்பது மோல்ட் என்ற பெயரில்தான். மூலம் சொல்லாத மாப்பொருளும் சந்தேகத்துக்குரியது. குளுக்கோஸ் பாகு பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். கோதுமையிலிருந்து எடுத்தாலும் சுத்திகரிப்பில் புரதம் ஏறக்குறைய முழுதும் போய்விடுவதால், ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கே அளித்திருக்கிறது.

1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் அப்பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. மகளின் நோயைச் சொல்லிக் கேட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஆனால் வர்த்தகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு அதே பிரிவில் விதிவிலக்கும் உண்டு. ஆகவே கடைக்காரரை இப்போதைக்கு விடுங்கள். நாளை உங்களுக்குச் சாட்சியாக வரக்கூடியவரும் அவரே.

உங்கள் எதிராளி அந்த ஸ்டிக்கர். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் சேர்க்கை பற்றித் தவறான எண்ணம் தரும் விதத்தில் சுட்டுத்துண்டு (லேபல்) இடுவதைத் தடை செய்கிறது. தயாரிப்பாளர் ஒளிக்காமல் எழுதிய பொருளை இறக்குமதியாளர் மூடி மறைத்துவிட்டு, தன் பட்டியலிலும் அதை விட்டுவிட்டார். இடம் போதவில்லை என்பார்கள். நான் அதை ஏற்க மாட்டேன்; விலையை அச்சிட மட்டும் எப்போதும் இடம் இருக்கிறது.

இனி அந்த ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். உரித்த பக்கெட்டை அப்படியே ஓர் உறையில் வையுங்கள். அதே கடையில், அதே தொகுதி இலக்கமுள்ள இன்னொரு பக்கெட்டைப் பற்றுச்சீட்டுடன் வாங்கி, திறக்காமல் வையுங்கள். முதல் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இது முக்கியம். பிறகு கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அவர் தாமே கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். குற்ற வழக்கு அவர் மூலமாகவே நீதவான் நீதிமன்றம் போகும்.

நட்டஈடோ பணத்தை மீளப் பெறுவதோ நோக்கமென்றால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். நீங்கள் வாங்கி ஏழு வாரம் ஆகிவிட்டது. வழிகாட்டல் வேண்டுமானால் 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், ஆனால் அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் தீங்கியல் வழக்குக்கு, அதாவது பிறர் தவறால் நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்குக்கு, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இருந்தும் அவசரப்பட்டு அதில் இறங்கச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் வயிற்றோட்டம் அந்த டொபியால்தான் வந்தது, வேறெதனாலும் அல்ல என்று நிறுவ வேண்டும். மருத்துவரின் குறிப்பில் அன்று பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று எழுதப்பட்டிருக்கிறதா? இருந்தால் அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டு வாருங்கள், பேசலாம். இல்லையென்றால் அதிகாரசபையோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

"கோதுமை அற்றது" என்று எழுதியிருந்தால் போதுமா என்று இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தீர்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி "குளூட்டன் அற்றது" என்று எழுத, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. "கோதுமை அற்றது" என்ற வாசகம் அந்த உறுதியைத் தராது. அடுத்த முறை கடையில் கேட்கும்போது பார்லியையும் மோல்ட்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். முடிந்தால் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.