ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அதிகம் அடிக்காத பேஸ்பால் வீரர் இச்சிரோவை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் 19 சீசன்களில் இச்சிரோ சுசுகி அடித்த ஹோம் ரன்கள் வெறும் 117. ஆனால் ஹிட்கள், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொட்ட தடவைகள், 3,089! ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்காக அடித்த 1,278 தனி.

ஃபீல்டிங்கில் அவர் நின்றது ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலதுபக்கக் கோடியில். கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்பவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓட்டமும் கைவீச்சும்தான் சொத்து. 2001 ஏப்ரலில் ஓக்லாந்துக்கு எதிரான ஆட்டம். முதல் பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) இருந்த ஓக்லாந்து வீரர் டெரன்ஸ் லாங், பந்து ரைட் ஃபீல்டுக்குப் போனதும் மூன்றாவது பேஸுக்கே ஓடினார். இச்சிரோ எடுத்து எறிந்த பந்து தரையைத் தொடாமல் நேராக மூன்றாவது பேஸைக் காக்கும் ஃபீல்டர் கையில் போய் விழுந்தது. லாங் அவுட். இன்றும் அதை ‘தி த்ரோ’ என்றே சொல்கிறார்கள்.

அப்போது இச்சிரோவுக்கு வயது 27, அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் சியாட்டில் அணிக்காக முதல் வருடம். அதே சீசனில் சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் இரண்டு விருதுகளும் வந்தன.

பேட்டிங்கில் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவதுதான் பாணி. இடதுகை பேட்டர் என்பதால் முதல் பேஸ் ஓரிரு அடி பக்கம். அடித்து முடிக்கும்போதே கால் கிளம்பியிருக்கும். 2004 சீசனில் மட்டும் 262 ஹிட். 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் என்ற வீரர் வைத்த, ஒரே சீசனில் 257 ஹிட் என்ற சாதனை 84 வருடம் கழித்து உடைந்தது.

அப்புறம் யாங்கீஸ், மார்லின்ஸ் அணிகள், மறுபடி சியாட்டில். 2019 மார்ச்சில் டோக்கியோவில் ஓய்வு. 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம். 394 வாக்குகளில் 393. அந்த ஒருவர் என்ன நினைத்தாரோ!