அம்மாவுக்கு எந்தப் பூ?

கேள்வி: வேறு ஊரில் இருக்கும் அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்குப் பூங்கொத்து அனுப்ப ஆசை. ஏதோ ஒன்று என்றில்லாமல் அர்த்தமுள்ள பூவாக இருக்க வேண்டும். தூக்கலான வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, தலைவலி வந்துவிடும். வீட்டில் பூனையும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அம்மாவுக்குப் பிடித்த பூ எது என்று யோசியுங்கள். அன்னையர் தினப் பூ என்று பெயர் வாங்கிய கார்னேஷனின் கதையே அதுதான். 1908இல் அமெரிக்காவின் கிராஃப்டன் நகரத் தேவாலயத்தில் நடந்த முதல் அன்னையர் தின வழிபாட்டுக்கு அந்தத் தினத்தைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ் 500 வெள்ளைக் கார்னேஷன்களை அனுப்பினார். மறைந்த தன் அம்மாவுக்குப் பிடித்த பூ என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு அங்கே, தாயை இழந்தவர்கள் வெள்ளையும், தாய் உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பும் அணிவது வழக்கமாயிற்று. ஆகவே கார்னேஷன் கொடுப்பதானால் வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது.

இந்தப் பூவுக்கு இந்த அர்த்தம் என்று போடப்படும் பட்டியல்களை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். மஞ்சள் ரோஜாவைப் பொறாமையின் அடையாளமாகச் சொன்ன பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் உண்டு; இன்று அது நட்புக்கு உரியது. சாமந்தி ஆஸ்திரேலியாவில் அன்னையர் தினப் பூ. பிரான்சில் கல்லறைக்கு வைக்கும் பூ. பெரும்பாலும் எல்லோரும் ஒத்துக்கொள்வது இளஞ்சிவப்பு ரோஜாவைத்தான்: பாசம், நன்றி. அம்மாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது பூனை. இதில் அலட்சியம் கூடவே கூடாது. லில்லி பூனைக்கு விஷம். இதழ், இலை மட்டுமல்ல, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடச் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. கடைக்காரர் கலவைக் கொத்தில் நடுநாயகமாக வைப்பது பெரும்பாலும் லில்லியைத்தான் என்பதால், 'லில்லி ஒரு தண்டுகூட வேண்டாம்' என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கார்னேஷனும் சாமந்தியும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மென்றால் பூனைக்கு வயிற்றுக் கோளாறு, வாந்தி வரும். ரோஜா, ஜெர்பெரா (பெரிய டெய்சி போன்ற பூ), லிசியாந்தஸ் (ரோஜாவைப் போன்ற மெல்லிதழ்ப் பூ), ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் நான்கும் பூனைக்கு விஷமற்றவை.

வாசனைப் பிரச்சினையும் இந்த நான்கிலேயே தீர்ந்துவிடும். கொத்துக்காக விளைவிக்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை நாள்பட நிற்பதற்காக உருவாக்கிய ரகங்கள், மணம் குறைவு. மற்ற மூன்றிலும் வாசனை உறுத்தாது. சம்பங்கி வேண்டவே வேண்டாம். இரவில் மூடிய அறையில் அதன் மணம் தாங்காது.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை: இளஞ்சிவப்பு ரோஜா 12, வெள்ளை அல்லது வெளிர் ஊதா லிசியாந்தஸ் 5 தண்டு. லிசியாந்தஸில் ஒரே தண்டில் பல மொட்டுகள் இருக்கும். முதலில் விரிந்தவை வாடும்போது அடுத்தவை விரியும். பூச்சாடியைக் கவனிக்க அம்மாவுக்கு நேரமோ தெம்போ இல்லையென்றால் தொட்டியில் வளரும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் அனுப்புங்கள். 2, 3 மாதம் பூத்திருக்கும். வாரம் ஒரு முறை தண்ணீர் போதும். ஆனால் இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும்.

கடையில் நேரில் வாங்குவதானால் ரோஜாவின் இதழ்கள் காம்போடு சேரும் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. பஞ்சுபோல் அமுங்கினால் பழசு. வாடிய வெளி இதழ்களை உரித்துவிட்டுப் புதுசுபோல் காட்டுவதும் உண்டு என்பதால் கண்ணைவிட விரலை நம்பலாம். ஜெர்பெராவின் நடுவட்டம் முழுக்க மகரந்தத் தூளாக இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. இணையத்தில் ஆர்டர் செய்தால், அரைவிரிந்த ரோஜாவே வேண்டும் என்று குறிப்பிடுங்கள். இறுகிய பச்சை மொட்டாக வெட்டியது விரியாமலே தலை சாயும். முழுக்க விரிந்தது வழியிலேயே உதிரும்.

பூ சீக்கிரம் வாடுவதற்குப் பெரும்பாலும் தண்டு அடைபடுவதே காரணம். தண்ணீரின்றிக் கிடக்கும்போது வெட்டுவாயில் காற்று புகுகிறது; சாடியில் பாக்டீரியா பெருகி மிச்சத்தையும் அடைக்கிறது. அதனால் கொத்து வந்ததும் கூரான கத்தியால் ஒவ்வொரு தண்டிலும் 2 செ.மீ. சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், அழுகலே அங்குதான் தொடங்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை சாடியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றி, நுனியை மறுபடி சிறிது வெட்ட வேண்டும். கொத்தோடு வரும் பூ உணவுப் பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைப்பது நல்லது. சர்க்கரையை மட்டும் போடுவது கெடுதல். பூவைவிட பாக்டீரியாவுக்குத்தான் அது விருந்து. ஜெர்பெரா சேர்த்தால் அதற்குத் தனிச் சாடி, 5 முதல் 8 செ.மீ. தண்ணீர் போதும்; அதன் மெல்லிய ரோமம் படர்ந்த தண்டு ஆழத் தண்ணீரில் அழுகும்.

சாடியைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவால் பூக்கள் சீக்கிரம் முதிரும்.

ரோஜா கழுத்து ஒடிந்ததுபோல் தொங்கினாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. தண்டை மறுபடி வெட்டி, பூ நிமிர்ந்து நிற்குமாறு காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, கழுத்தளவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

வாழ்த்து அட்டையில் கடையின் அச்சு வாசகம் வேண்டாம். 'நம் வாசலில் நீ வளர்த்த ரோஜா இந்த நிறம்தானே அம்மா' என்பதுபோல், இந்தப் பூவை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பட்டியல் சொல்லும் அர்த்தத்தைவிட அவர் மனதில் நிற்கப்போவது அதுதான். கையெழுத்தில் எழுதித் தர கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.