கேள்வி பதில்: பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள், மைனிங் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனாரோ, ‘பொம்பளைப் பிள்ளையை உள்ளே விடச் சட்டத்துலயே இடமில்ல’ என்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: மாமனார் சொல்வது 2019 ஜனவரி வரை சரி. பெண்கள் பூமிக்கடியில் வேலை செய்யக் கூடாது, மேலே என்றாலும் காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரைதான் என்றது 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. உங்கள் ஊரில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம், அதனால் அங்கே இடித்தது அந்த இரவுத் தடைதான். ராத்திரி பகலாக ஷிஃப்ட் ஓடுகிற இடத்தில் பகலுக்கு மட்டும் வரலாம் என்றால் யார் வேலை கொடுப்பார்கள்?

2019இல் மத்திய அரசு விலக்கு தந்தது. எழுத்துமூலம் சம்மதம் கொடுத்தால் திறந்தவெளியில் இரவிலும் வேலை பார்க்கலாம் என்றது அது. நிலத்தடியில் பகலில் மட்டும், அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்குத்தான் அனுமதி இருந்தது. ஷிஃப்டுக்கு மூன்று பெண்களாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு இருந்தது. ஒருத்தியைப் போட இன்னும் இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்தது! ஆனாலும் 2021இல் ஜார்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஆகாங்க்ஷா குமாரி மைனிங் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அவரை ‘முதல் பெண்’ என்று செய்திகளில் எழுதியபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஜார்கண்டின் ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள், ‘காமின்’ என்று பெயர். புருஷன் கரியை வெட்டித் தள்ளுவான், பெண்டாட்டி அதைக் கூடையில் அள்ளிச் சுமந்து, ‘டப்’ என்கிற கரி வண்டியில் கொட்டுவாள், கைக்குழந்தையும் கூடவே இருட்டுக்குள் கிடக்கும். 1929இல் விதி போட்டுப் பத்து வருடத்துக்குள் அவர்களைப் படிப்படியாக மேலே அனுப்பினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், குடும்ப வருமானத்தில் ஒரு பங்கும் சேர்ந்து போனது. அப்புறம் யுத்தத்துக்குக் கரி தேவைப்பட்டதும் 1943இல் தடையை எடுத்து அதே பெண்களை மறுபடி இறக்கி, 1946இல் திரும்பவும் தடை போட்டார்கள். கூடை சுமந்தவள் போன வழி மூடியே கிடக்க, 2019இல் திறந்தது பட்டம் படித்தவளுக்கான வழி மட்டும்தான்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது, சேர்த்துவிடுங்கள். நாளை வேலைக்குப் போகும் சுரங்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை.

கேள்வி: சுரங்கத்துக்குள் பெண் நுழைந்தால் ஆகாது என்பது நம் ஊர் நம்பிக்கை மட்டும்தானா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: வேறு இடங்களிலும் உண்டு. பொலிவியாவின் பொட்டோசி மலையில் உள்ளே ஆண்கள் வெட்டுவார்கள். வெளியே கொட்டிய கல்லை உடைத்து உலோகம் பொறுக்குபவர்கள் பெண்கள், ‘பல்லிரி’ என்பார்கள். உள்ளே போனால்தான் ஆகாதாம், வெளியே வெயிலில் கல்லுடைத்தால் ஒன்றும் ஆகாதாம்.