வேப்பமரத்தில் ஒரு குயில்குஞ்சு

அன்புள்ள ஐயா,

மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எதிரே ஒரு வேப்பமரம். ஒரு வாரமாக அதில் ஏதோ ஒரு பறவை விடிந்ததிலிருந்து தொண்டை கட்டின மாதிரி கத்துகிறது. உடம்பெல்லாம் புள்ளி. காக்கை ஒன்று வந்து அதற்கு ஊட்டிவிட்டுப் போகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அது காக்காவோட குழந்தையாம்மா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு இதில் ஆசை வந்திருக்கிறது. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று கூட்டிப்போக வேண்டுமா? கேமரா வாங்க வேண்டுமா? எங்கள் தெருவில் காக்கையும் புறாவும்தான்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அதற்கு நோய் எதுவும் இல்லை, பசிதான். அது குயில்குஞ்சு. குயில் கூடு கட்டாது, காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் இரை தேடி ஊட்டுவதும் காக்கை. குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் கொஞ்ச நாள் அதன் பின்னாலேயே அலைந்து ஊட்டும். ஆகவே மகளிடம் "ஆமாம், காக்கை வளர்க்கிற குழந்தை" என்றே சொல்லுங்கள்.

சில வருஷம் முன்பு சித்திரை மாதம், எங்கள் பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் சாப்பிடப் போன நேரம் ஒரு காக்கை இறங்கி, கீழே சிந்திக் கிடந்த கட்டுக்கம்பித் துண்டுகளைப் புரட்டியது. ஒன்றை எடுத்தது, போட்டது. இன்னொன்றை எடுத்துக் காலால் மிதித்து அலகால் வளைத்துப் பார்த்தது. அதுவும் சரிப்படவில்லை. நாலாவது துண்டோடு எங்கள் வாதாமரத்துக்குப் பறந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கூடு நன்றாகத் தெரியும். வெளியே கம்பியும் சுள்ளியும், உள்ளே தேங்காய் நார். பத்து நாள் கழித்து ஒரு காலை, கன்னங்கரிய ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கூவியது. இரண்டு காக்கைகளும் அதைத் தெருக்கோடி வரை துரத்திக்கொண்டு போயின. அந்த இடைவெளியில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் இலைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் கூட்டுக்குள் நுழைந்து வெளியேறியது. நான் கையில் வைத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது. கூவுவது ஆண் குயில்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு மனதில் பதிந்தது. பெண்ணுக்குக் 'கிக் கிக்' என்ற பதறிய குரல்தான்.

அடுத்த வருஷம் அதே மரத்தில் கூடு கட்டியபோது, மின்கம்பியில் உரசுகிறது என்று கிளையை வெட்டிவிட்டார்கள். கூடு தரையில் கிடந்தது, உள்ளே இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். இரண்டு காக்கைகளும் அன்று முழுக்க அந்த வெட்டுவாயின் மேலேயே உட்கார்ந்திருந்தன. இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்கள் தெருவில் கிளை கழிக்க வந்தால், கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆடி முடியும் வரை பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பலரும் பொறுக்கிறார்கள்.

வேடந்தாங்கலுக்கு மார்கழி, தையில் போங்கள், பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலத்தையும் அவள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே வருஷத்துக்கு இரண்டு முறை போக முடியும். வேப்பமரம் தினமும் எதிரே நிற்கிறது. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950லிருந்து 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். காட்டு யானைக்குக் கொடுத்த அதே கவனத்தை வீட்டைச் சுற்றித் திரியும் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தவர் அவர்.

கேமரா இப்போது வேண்டாம். படம் எடுக்கும் அவசரத்தில் பார்ப்பது குறைந்துவிடும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். காக்கைக்குச் சோறு வைக்கிற வீடுதானே? வைத்த உடனே விழுங்குகிறதா, தொண்டை புடைக்க அடைத்துக்கொண்டு பறக்கிறதா என்று பார்க்கட்டும். அடைத்துக்கொண்டு போனால் எங்கோ ஒரு குஞ்சு காத்திருக்கலாம். காய்ந்த ரொட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துத் தின்பதையும் பார்ப்பாள். உங்கள் தெருவிலும் காக்கை, புறாவோடு முடிந்துவிடாது. மத்தியான வெயிலில் எங்கோ செம்பு தட்டுவதுபோல 'டொக் டொக்' என்று விடாமல் கேட்டால் அது குக்குறுவான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒயரில் உருண்டையாக ஒன்று உட்கார்ந்து தலையைத் திருப்பினால் புள்ளி ஆந்தை.

வேப்பம்பழம் பழுக்கிற நாள் இது. குயிலுக்கு அந்தப் பழம் பிடிக்கும். உங்கள் மரத்துக் குஞ்சு ஊட்டலுக்குக் காத்திராமல் முதல் பழத்தைத் தானே கொத்தும் நாள் சீக்கிரம் வரும். அது எந்தத் தேதி, எத்தனை மணி என்று உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.