களரியோரம்: கேள்வி பதில்

ஐயா, ஆபிரிக்காவில் மெண்டே மக்களிடம் பெண்களே முகமூடி போட்டு ஆடுவார்களாம். எங்கள் கூத்தில் ஆண்கள் பெண்வேஷம் கட்டுவது போலத்தானா அதுவும்?
வாசகி, வந்தாறுமூலை

பெண்கள் ஆடுவது உண்மைதான் மகள். சியரா லியோனின் தெற்கிலும் கிழக்கிலும் வாழ்கிற மக்கள் அவர்கள். ஆபிரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் முகமூடி ஆண்களின் சொத்து. மெண்டேயரிடம் சாண்டே என்ற பெண்கள் சங்கம் அதைத் தன் கையில் வைத்திருக்கிறது. செதுக்குவது ஆண், அணிந்து ஆடுவது பெண்.

ஆனால் எங்கள் வேஷம் வேறு. பதினேழு வயதில் வடமோடிக் கூத்தில் திரௌபதைக்கு ஆடினேன். அம்மாவின் கூறைச்சேலை, காலில் சதங்கை. களரிக்கு, அதாவது கூத்தாடும் இடத்துக்கு, வந்ததும் முன்பாயில் இருந்த பெரியம்மா, 'இது நம்மட பொடியன்தானே' என்று உரக்கச் சொன்னார். துகிலுரியும் கட்டத்தில் அதே பெரியம்மாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஆள் யாரென்று தெரிந்தும் அழுவதுதான் நம் கூத்து.

அங்கே உள்ளே இருப்பவள் யாரென்று தெரியவே கூடாது. மரத்தில் குடைந்த முகமூடி தலை முழுவதையும் மூடும். அதற்குக் கீழே கறுப்புச் சாயம் தோய்த்த நார் அடர்த்தியாகத் தொங்கும். கையும் காலும் துணிக்குள். தோல் ஓர் இடத்திலும் தெரியாது. வந்திருப்பது தண்ணீருக்குள் இருந்து எழுந்த தெய்வம் என்பதே நம்பிக்கை. கழுத்தில் அடுக்கடுக்காகச் செதுக்கிய மடிப்புகளை, அது எழும்போது பரவிய நீர் அலை என்று சொல்வதுண்டு. தாழ்ந்த கண், மூடிய சின்ன வாய். அது பேசாது, அசைவில் காட்டுவதைக் கூட வருகிற பெண் சொல்லுவாள். சுரைக்குடுக்கைக் கிலுக்கியும் பாட்டும் பெண்களுடையதே. நம் அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்தே தெய்வம் வந்ததை அறிகிறோம். அங்கே முகத்தை மறைத்தால்தான் தெய்வம்.

ஒன்றை மறைக்கமாட்டேன். இந்த ஆட்டம் பெண்பிள்ளைகளைப் பெரியவர்களாக்கும் சடங்கோடு சேர்ந்தது. அதில் பிள்ளைகளின் பெண்ணுறுப்பை வெட்டும் வழக்கமும் இருக்கிறது. அந்நாட்டுப் பெண்களே அதை எதிர்க்கிறார்கள். வெட்டு இல்லாமல் சடங்கை நடத்துகிறவர்களும் உண்டு. ஆட்டம் வாழட்டும், கத்தி போகட்டும் என்பதே என் விருப்பமும்.

அங்கே கோமாளி உண்டா?
வாசகர், தம்பிலுவில்

உண்டு. கொங்கோலி என்று பெயர். கோணல் வாயும் பெருத்த மூக்குமாக அவலட்சணமான முகம். இதை ஆடுவது ஆண்கள். ஊர்த்தலைவரையே கிண்டல் செய்யலாம், யாரும் கோபிக்க முடியாது. பெண்கள் பக்கமும் ஒரு கோமாளி இருக்கிறாள். பழைய, உடைந்த முகமூடியோடு கந்தலைச் சுற்றிக்கொண்டு, அழகான முகமூடி ஆடும் அதே இடத்தில் குழப்பம் பண்ணுவாள்.

இணையத்தில் படங்கள் பார்த்தேன் ஐயா. எல்லாம் கறுத்த, பளபளப்பான தலைகள் மட்டும். நார் உடுப்பு எங்கே?
மாணவன், கன்னன்குடா

நல்ல கண் தம்பி உனக்கு. வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு மரச்சிற்பம் பெரிதாகத் தெரிந்தது, நார் குப்பையாகத் தெரிந்தது. அதனால் பல மியூசியங்களில் தலை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அதை முழு ஆட்டம் என்று நினைத்துவிடாதே.

அப்பா கூத்துக்கு உடுப்புக் கட்டினவர். அவர் கட்டிய கரப்புடுப்பு எங்கள் வீட்டு முகட்டில் தொங்கியது. துணி இற்றுப்போய்க் கடைசியில் பிரம்பு வளையம் மட்டும் மிஞ்சியது. வந்த பிள்ளைகள் கோழிக் கரப்பு என்றுதான் நினைத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு அரசன் சுழலும்போது துணி விரியும் என்பதை நானே இடுப்பில் கட்டி ஆடிக் காட்ட வேண்டியிருந்தது.

சரி, அந்தப் படங்களை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார். முகமூடியின் கீழ்விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நார் கட்டிய இடம் அதுதான்.