சிகாகோ வரும் வயதான அப்பா அம்மாவை ஸ்டார்வ்டு ராக் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப்போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த மாதத்தில் அவர்கள் வருகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே?

நாங்கள் முதலில் போனது ஆகஸ்ட்டில். அப்பா தென்காசிக்காரர். "அருவி இருக்குப்பா" என்று ஆசைகாட்டி, ஒன்றரை மணி நேரம் காரோட்டிக் கூட்டிப்போனேன். கேன்யனுக்குள் (செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே இருக்கும் குறுகலான பள்ளம்) போய்ப் பார்த்தால் பாறையில் ஓர் ஈரக்கோடு மட்டும். "சீசன் முடிஞ்ச பொறவு குத்தாலத்துக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். அம்மா சிரித்துவிட்டார்.

இங்கே மொத்தம் 18 கேன்யன்கள். அருவிகள் எல்லாம் மழையையும் உருகும் பனியையும் நம்பியவை. அதனால் மார்ச் கடைசி முதல் மே வரை, இல்லையென்றால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பார்க்கிங் நிரம்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். (நுழைவுக் கட்டணமும் பார்க்கிங் கட்டணமும் கிடையாது, கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.)

முட்டி வலி இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரெயில்கள் மொத்தம் 13 மைல், வழி நெடுக மரப்படிகள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். விசிட்டர் சென்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபிரெஞ்ச் கேன்யன் போதும். அருவிக்குப் பின்னால் நடந்து போகும் லசால் கேன்யனைத் தெம்பிருந்தால் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே போனாலும் விளிம்புக்குப் போகவேண்டாம். மணற்பாறை, கால் வைத்தால் உதிரும். பனியுகக் கடைசியில் பனிப்பாறை உருகி வந்த பெருவெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கையே அரித்துக்கொண்டு போனதும் பாறை இவ்வளவு மெத்தென்று இருந்ததால்தான்.

பெயருக்குக் காரணமான பாறை இல்லினாய் ஆற்றை ஒட்டி 125 அடி உயரம். மெதுவாக ஏறினால் அம்மாக்களும் ஏறலாம். 1760களில் இல்லினாய் பழங்குடியினர் சிலர் எதிரிகளுக்குத் தப்பி இதன்மேல் ஏறி, சுற்றி வளைக்கப்பட்டுப் பட்டினியால் செத்தார்கள் என்பது கதை. வரலாறா என்றால், வாய்வழிக் கதைதான். ஆனால் 1680களில் லசால் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டியது உண்மை.

மேலே போனதும் அப்பா பாறையைக் கவனிக்கவே இல்லை. எதிரே அணை, அதன் ஓரத்தில் லாக், அதாவது தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளை அணை தாண்ட விடும் கதவு வைத்த தொட்டி. மக்காச்சோளமும் சோயாவும் ஏற்றிய பார்ஜ்களை (தட்டையான சரக்குப் படகுகள்) ஒரு படகு தள்ளிக்கொண்டு வந்து நின்றது. எல்லாம் ஒரே தடவையில் தொட்டிக்குள் அடங்காது. பாதியைக் கழற்றி முதலில் உள்ளே விட்டு, தண்ணீர் மட்டத்தை மாற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் மீதியை விடுவார்கள். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றார். பாலம் தாண்டி வடகரைக்குப் போனால் ராணுவப் பொறியாளர் படையின் பார்வையாளர் மையம் இருக்கிறது, லாக் கண்ணெதிரே. படியேற முடியாதவர்களை நேராக அங்கே கூட்டிப்போய்விடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்று பார்த்தார்.

அடுத்த தடவை ஏப்ரலில் வந்தபோது அருவிகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. காரை விட்டு இறங்கியதும் அப்பா கேட்டது, "இன்னிக்கு பார்ஜ் வருமாடே?"